வெயிலில் வைத்த மருந்து

அன்புள்ள அருள்,

உனக்கு நான் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. இருபத்தொன்பது வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம், சமையலறையிலிருந்து ஒரு சத்தம் கொடுத்தால் போதும், எல்லாக் காரியமும் நடந்துவிடும். அப்படி இருக்கும்போது இப்படி உட்கார்ந்து தாளும் பேனாவுமாக எழுதுகிறேனே, அம்மாவுக்கு என்ன ஆச்சு என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். நேரில் சொல்ல மூன்று தடவை முயற்சி செய்தேன். ஒரு தடவை நீ போனில் இருந்தாய். ஒரு தடவை உன் கல்யாணக் கோட்டின் பொத்தானைப் பற்றிப் பேசிப் பேசியே நேரம் போய்விட்டது. மூன்றாவது தடவை நான் வாயைத் திறந்ததும், "ம்மா, லெக்சர் ஆரம்பிக்காதம்மா, வேலை இருக்கு" என்றாய். நாற்பது பெண்பிள்ளைகளை முப்பத்திரண்டு வருஷம் வாயடைத்து உட்கார வைத்தவள் நான், உன்னிடம் மட்டும் அந்த வித்தை பலிப்பதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். ஷைனியும் இதைப் படிக்கட்டும். இந்த வீட்டுக்கு வரப்போகிறவளுக்கு இந்த வீட்டின் லட்சணம் தெரிவது நல்லது.

போன ஞாயிற்றுக்கிழமை பூசையில் உங்களுக்கு மூன்றாவது ஓலை வாசித்தார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, ஏதாவது தடை இருப்பது யாருக்காவது தெரிந்தால் பங்குத்தந்தையிடம் தெரிவிக்க வேண்டும் என்று ஃபாதர் படித்தபோது நீ குனிந்துகொண்டு சிரித்தாய், உன் நண்பர்கள் பின்னால் இருந்து உன் முதுகில் குத்தினார்கள். எனக்கு மட்டும் எழுந்து நிற்க வேண்டும் போல இருந்தது. கல்யாணத்துக்குத் தடை ஒன்றுமில்லை, பயப்படாதே. ஆனால் எனக்குத் தெரிந்த ஒன்றை இரண்டு வருஷமாகச் சொல்லாமல் இருக்கிறேன். அன்றைக்கே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன். வந்ததும் விருந்தாளிகள், காபி, பலகாரம். வழக்கம்போல விட்டுவிட்டேன்.

பிறகு செவ்வாய்க்கிழமை நீ கேட்டரிங்காரரிடம் போனில் பேசினாய். பிரியாணி, தால்ச்சா, பிரெட் அல்வா என்று எல்லாம் முடிவு செய்துவிட்டு, கடைசியில் சொன்னாய்: "எங்க அப்பா இலையில மட்டும் அல்வா வைக்காதீங்க. அவரே கேட்டாலும் வைக்காதீங்க. டாக்டர் சாப்பிடலாம்னுட்டாருன்னு சொல்லுவாரு, அவர் சொல்றத நம்பாதீங்க." பால்கனிக் கதவு திறந்திருந்தது. அப்பா அங்கே துவைத்த துணியை எடுத்துக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டார். என்னைப் பார்த்துச் சிரித்தார், ஆனால் அது அவருடைய சிரிப்பு இல்லை. மீதித் துணியை அப்படியே கொடியில் விட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். உன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. என் மேல்தான் வந்தது.

எப்போதும் போல நான் கொஞ்சம் சுற்றித்தான் விஷயத்துக்கு வருவேன். பொறுத்துக்கொள். நானும் அப்பாவும் எப்படிச் சந்தித்தோம் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. எங்கள் பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் ஒரு பழைய ஃப்ரிட்ஜ் இருந்தது. அது ஒருநாள் நின்றுவிட்டது. கிண்டி எஸ்டேட்டிலிருந்து ஒரு மெக்கானிக்கை அனுப்பினார்கள். ஒல்லியாக, காதில் பென்சில் சொருகிக்கொண்டு ஒருத்தர் வந்தார். நான் வாத்தியார் தோரணையில், "ஏன் உள்ளே குளிர் வர மாட்டேங்குது?" என்றேன். அவர் திரும்பிப் பார்த்து, "மேடம், குளுருன்னு தனியா ஒண்ணும் கெடையாது. உள்ள கீற சூட்ட எடுத்து வெளிய கொட்றோம், அவ்ளோதான். இத்த தொட்டுப் பாருங்க" என்று ஃப்ரிட்ஜின் பின்பக்கக் கம்பியைக் காட்டினார். அந்த வாரம் முழுக்க வெப்பம் எப்படிப் பாய்கிறது என்று நான் மூன்று வகுப்பில் தொண்டை கிழியக் கத்தியிருந்தேன், ஒரு பிள்ளைக்கும் புரியவில்லை. இவர் இரண்டு வரியில் முடித்துவிட்டார். அதற்கப்புறம் அந்த ஃப்ரிட்ஜ் அடிக்கடி ரிப்பேரானது. எப்படி என்று உன் அப்பாவைக் கேட்டுக்கொள்.

வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு என்று நான் வருஷா வருஷம் சொல்லிக் கொடுத்தேன். தாளிக்கிற கரண்டியில் இருக்கும் எண்ணெய் கொதிக்கிற தண்ணீரைவிடச் சூடு, ஒரு சொட்டுத் தெறித்தால் துள்ளிக் குதிப்போம். ஆனால் ஒரு பக்கெட் வெந்நீரில் இருக்கிற வெப்பத்தோடு ஒப்பிட்டால் அந்தக் கரண்டியில் இருப்பது ஒன்றுமே இல்லை. கரண்டி ஐந்து நிமிஷத்தில் ஆறிவிடும், பக்கெட் வெதுவெதுவென்று ரொம்ப நேரம் இருக்கும். கல்யாணமான புதிதில்தான் இந்தப் பாடம் எனக்கே சரியாகப் புரிந்தது. நான் கரண்டி. சட்டென்று பொரிந்து தள்ளிவிட்டு, அரை மணி நேரத்தில் "சாப்பிட வாங்க" என்பேன். உன் அப்பா பக்கெட். ஒரு சொல் பேச மாட்டார், முகத்திலும் ஒன்றும் தெரியாது, ஆனால் உள்ளே இருப்பது மூன்று நாளானாலும் ஆறாது. முகத்தில் ஒன்றுமில்லையே என்று நான் பாட்டுக்கு இருப்பேன். அவர் அமைதியை அமைதி என்றே நினைத்து நான் பண்ணிய தப்புகள் ஏராளம். ஷைனி எந்த வகை என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை, நீ சீக்கிரம் கண்டுபிடித்துக்கொள். நீ என்னைப் போலக் கரண்டிதான், அதில் சந்தேகமே வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இது உனக்கு ஞாபகமிருக்காது. நீ இரண்டாம் வகுப்பு படிக்கும்போது கணக்குப் பரீட்சைக்குப் போகாமல் இருக்க, காய்ச்சல் என்று படுத்துக்கொண்டாய். நான் பள்ளிக்கூடம் போய்விட்டேன். அப்பா தெர்மாமீட்டரை உன் வாயில் வைத்துவிட்டு, சட்டை மாட்ட உள்ளே போயிருக்கிறார். நீ அதை எடுத்து அவருடைய காபி டம்ளரில் முக்கிவிட்டாய். பாதரசம் மேலே போய் முட்டி நின்றது. அந்த மனுஷன் உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் லஸ் முனைக்கு ஓடி ஆட்டோ பிடித்திருக்கிறார். டாக்டர் உன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தாராம். அப்போதும் அப்பா விடவில்லை. "இல்ல டாக்டர், எம் புள்ள பொய் சொல்ல மாட்டான், இன்னொரு வாட்டி பாருங்க" என்றாராம். சாயங்காலம் நீயே காபி விஷயத்தை உளறிவிட்டாய். நான் ஸ்கேலை எடுத்தேன். அவர் என் கையிலிருந்து அதை வாங்கி அலமாரி மேல் வைத்துவிட்டு, "தெர்மாமீட்டரு காபியோட சூட்ட கரெக்டாதான் காட்டிச்சு, அது மேல தப்பில்ல" என்று சிரித்தார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால், மே மாதம். நான் ரிடையர் ஆகிற மாதம். அப்பா ஊசி போட்டுக்கொள்ள ஆரம்பித்து நாலு வருஷம் ஆகியிருந்தது. அளவு, சாப்பாடு, நடை எல்லாம் ஒழுங்கு, சர்க்கரையும் அவர் சொன்னபடி கேட்டது. இரண்டு மாதத்துக்கான இன்சுலின் வாங்க வேண்டியிருந்தது. "நான் போய்ட்டு வந்துர்றேன் டீச்சர்" என்றுதான் அவர் கிளம்பினார். நான்தான் தடுத்தேன். "நீங்க வழியில யார்கூடவாவது பேசிக்கிட்டு நிப்பீங்க, மருந்து வெயில்ல வெந்துடும்" என்றேன். இதே வார்த்தைகள், அருள். மருந்துக் கடையில் ஒரு சின்னத் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் பாக்கெட் வைத்து, நடுவில் குப்பிகளை வைத்துக் கொடுத்தார்கள். பெட்டியை என் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்தேன். நேராக வீட்டுக்கு வந்திருந்தால் பத்து நிமிஷம்.

அப்போது என் சிநேகிதி, பயாலஜி டீச்சர், போன் செய்தாள். பாண்டி பஜாரில் இருக்கிறாளாம், என் வழியனுப்பு விழாவுக்குக் கட்ட நான் தேடிக்கொண்டிருந்த பாட்டில் பச்சையில் ஒரு புடவை இருக்கிறதாம், உடனே வந்தால் கிடைக்கும் என்றாள். நான் சயின்ஸ் டீச்சர் மூளையைத்தான் பயன்படுத்தினேன். ஐஸ் உருகிக்கொண்டிருக்கும்வரை அதன் வெப்பநிலை ஏறாது, வெளியிலிருந்து வருகிற வெப்பமெல்லாம் உருகுவதற்கே செலவாகும், ஆகவே ஐஸ் இருக்கிறவரை மருந்துக்கு ஆபத்தில்லை, அரை மணி நேரம் தாராளமாகத் தாங்கும் என்று கணக்குப் போட்டேன். கணக்கு சரிதான். ஆனால் எந்தப் பெண் தி. நகருக்குப் போய் அரை மணி நேரத்தில் திரும்பியிருக்கிறாள்? புடவை, அதற்கு பிளவுஸ் துணி, ஃபால்ஸ், நடுவில் ஒரு தோசை. வண்டி வெட்டவெளியில் நின்றது. திரும்பி வந்து உட்கார்ந்தபோது சீட் புடவையையும் தாண்டிச் சுட்டது. எழுந்து சீட்டைத் தூக்கினேன். அடுப்பைத் திறந்த மாதிரி முகத்தில் அனல் அடித்தது. ஐஸ் பாக்கெட் வெந்நீர்ப் பையாக இருந்தது. குப்பியைக் கையில் எடுத்தேன், தேநீர் கிளாஸைப் பிடித்த மாதிரி இருந்தது.

எனக்குத் தெரிந்தது. தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஐஸ் உருகினால் மறுபடி ஐஸாக்கலாம், மெழுகு இளகினால் மறுபடி கெட்டியாகும், ஆனால் வெந்த முட்டையைக் குளிரில் வைத்தால் பச்சை முட்டை ஆகாது என்று எத்தனை வருஷம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன்! இன்சுலினும் புரதம்தான், முட்டையின் வெள்ளைக்கருவும் புரதம்தான். ஆனால் முட்டை வெந்தால் வெளுத்துவிடும், கண்ணுக்குத் தெரியும். இந்தக் குப்பிகள் அப்படியே கண்ணாடித் தண்ணீர் போலத் தெளிவாக இருந்தன. வீட்டுக்கு வந்து ஃப்ரிட்ஜில் வைத்தேன். சாயங்காலம் எடுத்துப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. ஆறிவிட்டது, இனிமேல் ஒன்றுமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுபடி கடைக்குப் போய் வேறு வாங்கியிருக்கலாம். அப்படிச் செய்தால் "நீங்க வெயில்ல வெச்சுடுவீங்க" என்று அவரை இளக்காரம் பண்ணியவள், நானே வைத்தேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஒரு வெட்கத்துக்காக அந்தக் குப்பிகளை விட்டுவைத்தேன்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும், ஆனால் தப்பாகத் தெரியும். பத்து நாளில் அப்பாவின் சர்க்கரை ஏறத் தொடங்கியது. முந்நூறைத் தாண்டியது. டாக்டர் அளவைக் கூட்டினார், இன்னும் ஏறியது. அவர் தண்ணீராகக் குடித்தார், சட்டை தொளதொளவென்று ஆனது. நீ அவர் மேல் ஒரு கண் வைக்க ஆரம்பித்தாய். ஒருநாள் அவர் பையில் ஜாங்கிரி டப்பாவைப் பார்த்துவிட்டாய். "வாட்ச்மேன் பொண்ணு பாஸ் பண்ணிடுச்சு நைனா, அதுக்கு வாங்கினது" என்றார். நீ நம்பவில்லை. "பொய் சொல்லாதீங்கப்பா! நூத்துக்கணக்குல ஏறிட்டே போகுது, சும்மாவா ஏறும்? திருட்டுத்தனமா தின்னுட்டு எங்களை முட்டாளாக்குறீங்க. உங்களுக்கு வெக்கமா இல்ல?" என்று கத்தினாய். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் திறந்து பார்த்தார். அப்பா டப்பாவைப் பிரிக்காமல் அப்படியே மேஜை மேல் வைத்துவிட்டு, "நான் சாப்டல நைனா, சத்தியமா சாப்டல" என்றார். நான் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். கையில் கரண்டி இருந்தது. வாயைத் திறக்கவில்லை.

அடுத்த நாள் காலையில் அவர் ஒரு காரியம் செய்தார். ஒர்க்ஷாப் தெர்மாமீட்டரைக் கொண்டுவந்து, நம் ஃப்ரிட்ஜின் ஒவ்வொரு தட்டிலும் வைத்துப் பார்த்தார். கதவு ரப்பரைத் தடவிப் பார்த்தார். பின்னால் போய்க் கம்பியைத் தொட்டுப் பார்த்தார், கம்ப்ரசர் மேல் காதை வைத்துக் கேட்டார். மருந்து கெட்டுப் போயிருக்குமோ என்ற சந்தேகம் அவருக்கு வந்திருக்கிறது, அருள். சரியான இடத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டார். கடைசியில் தரையில் உட்கார்ந்துகொண்டு, "ஃப்ரிட்ஜு நல்லாதான் கீது டீச்சர். நாலு டிகிரி காட்டுது. அப்போ கோளாறு எங்கிட்டதான் போல" என்றார். அந்த நிமிஷத்தில் சொல்லியிருக்க வேண்டும். இந்த ஜென்மத்தில் நான் செய்த தப்புகளில் புடவைக் கடைக்குப் போனது ஒன்றுமே இல்லை. அந்த நிமிஷம் பேசாமல் இருந்ததுதான் பெரிய தப்பு.

ஒரு வாரத்தில் ஒர்க்ஷாப்பில் மயங்கி விழுந்தார். மூன்று நாள் ஆஸ்பத்திரி. அங்கே அவர்களுடைய மருந்தைப் போட்டார்கள், மறுநாளே சர்க்கரை இறங்கிவிட்டது, அளவைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். ஒரு நர்ஸ் பெண் என்னிடம், "வீட்ல இன்சுலின் எங்கம்மா வெக்கிறீங்க?" என்று கேட்டாள். "ஃப்ரிட்ஜிலதான்" என்றேன். அது பொய்யில்லை என்று அப்போது என்னைத் தேற்றிக்கொண்டேன். நீயோ வராந்தாவில் என்னிடம் வந்து, "பாத்தியாம்மா, இங்க வாயக் கட்டினதும் இறங்கிடுச்சு. அப்போ வீட்ல என்ன நடந்திருக்கு?" என்றாய். அவரை அழைத்து வருவதற்குள் பழைய குப்பிகளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கினேன், ஃபிளாஸ்கில் ஐஸ் போட்டு, ஆட்டோவில், மடியில் வைத்துக்கொண்டு. வீட்டுக்கு வந்த பிறகும் சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. நீ சர்க்கரை டப்பாவையும் பிஸ்கட்டையும் பீரோவில் வைத்துப் பூட்டியதால்தான் என்று நினைத்தாய். உன்னைக் குறை சொல்ல முடியாது. உன் கண்ணுக்குத் தெரிந்ததை வைத்துப் பார்த்தால் உன் முடிவு சரியாகத்தான் இருந்தது. ஒன்றை மட்டும் நான் மறைத்து வைத்திருந்தேன்.

அப்பாவிடம் எப்போது சொன்னேன் தெரியுமா? போன வருஷம் தவக்காலத்தில். பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். வழக்கமாக நான் சொல்கிற பாவங்கள் உனக்கே தெரியும், கோபம், பொறாமை, பூசைக்கு லேட். அன்று இதைச் சொன்னேன். ஃபாதர் கடைசிவரை கேட்டார். பிறகு, "கடவுள் மன்னிப்பாரும்மா, அதுல சந்தேகமில்ல. ஆனா இத எங்கிட்ட சொல்லிட்டு வீட்டுக்குப் போயி சும்மா இருந்துடாதீங்க" என்றார். வீட்டுக்கு வந்தேன். அப்பா எதிர்வீட்டு ஃப்ரிட்ஜின் கதவைக் கழற்றிக் கூடத்தில் போட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். "நாப்பது வருஷமா இதே தொழில் பண்றேன், வண்டி சீட்டு அடியில நீ வெச்சிருப்பேன்னு எனக்குத் தோணலையே டீச்சர்" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர், திடீரென்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஒண்ணு சொல்லட்டா? நடுவுல எனக்கே டவுட்டு வந்துடுச்சு. எல்லாரும் சொல்றாங்களே, நமக்கே தெரியாம எதனா துன்னுகினு கீறோமான்னு. டீயக்கூட மோந்து பாத்துதான் குடிச்சேன்" என்றார். நான் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதேன். அந்தக் கதவை எதிர்வீட்டுக்காரர்கள் இரண்டு நாள் கழித்துத்தான் வாங்கிக்கொண்டு போனார்கள்.

உன்னிடம் உடனே சொல்லிவிடுகிறேன் என்றேன். அவர்தான் வேண்டாம் என்றார். "அவன் திட்னான்னா பாக்குற? பயந்துட்டான் டீச்சர். அப்பன் போய்டுவானோன்னு பயம். இப்ப போயி சொன்னா, ஒண்ணுமே பண்ணாத ஆள இப்டி கத்திட்டோமேன்னு உள்ளுக்குள்ள வெச்சுகினு கஷ்டப்படுவான். கல்யாணம் கில்யாணம் முடியட்டும்" என்றார். நான் நல்லதாயிற்று என்று ஒத்துக்கொண்டேன். அவருக்கு உன் மேல் இருந்த இரக்கம், எனக்கு வசதியாகப் போயிற்று. அதுவும் ஒரு தப்புதான், கணக்கில் சேர்த்துக்கொள்.

இதையெல்லாம் நான் அழுதுகொண்டு எழுதவில்லை. அப்பாவுக்கு இப்போது உடம்பு நன்றாக இருக்கிறது. காலையில் மெரினா பக்கம் நடந்துவிட்டு வந்து என்னை எழுப்புகிறார். உன் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் பத்து தடவை நின்றுவிட்டார், "இன்னா டீச்சர், மாப்பிள்ள நானா அவனான்னு கேப்பாங்க" என்கிறார். நீ நல்ல பிள்ளையாக வளர்ந்திருக்கிறாய், ஷைனியைப் பார்த்தாலே எனக்கு மனசு நிறைகிறது. எனக்கு இந்த வீட்டில் குறை ஒன்றுமில்லை. அதனால்தான் இந்த ஒன்றை உள்ளே வைத்துக்கொண்டு உன் கல்யாணத்தில் பட்டுப்புடவை கட்டி நிற்க முடியாது என்று தோன்றியது. அவருடைய பேச்சை மீறித்தான் எழுதுகிறேன்.

புத்தி சொல்லாமல் முடித்தால் அது என் கடிதமாகவே இருக்காது. சண்டை வந்தால் கொஞ்சம் ஆறட்டும் என்று எல்லோரும் உங்களுக்குச் சொல்வார்கள். ஆறவிடு, தப்பில்லை, கரண்டிக்காரன் நீ கட்டாயம் ஆறத்தான் வேண்டும். ஆனால் ஆறியதும் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. வெளியே தெளிவாக இருக்கும், தொட்டால் சில்லென்று இருக்கும், உள்ளே கெட்டுப் போயிருக்கும். கெட்டது எது என்று தெரிந்தவர் வாயைத் திறந்து சொல்ல வேண்டும், அன்றைக்கே சொல்ல வேண்டும். எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று. உனக்கு இரண்டு நாளுக்கு மேல் ஆகக்கூடாது. ஷைனிக்கும் இதேதான்.

என் மேல் கோபம் வரும். வரட்டும், நான் எங்கேயும் போகவில்லை, வந்து கத்து. ஆனால் அதற்கு முன்னால் அப்பாவிடம் போ. சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒர்க்ஷாப்பிலிருந்து வந்துவிடுவார். காலில் விழாதே, பெரிதாகப் பேசாதே, அவருக்குக் கூச்சமாக இருக்கும். கேட்டரிங்காரருக்கு மறுபடி போன் பண்ணுவது, டாக்டர் என்ன சொன்னார் என்று பார்ப்பது எல்லாம் அப்புறம். அந்த மனுஷன் உன்னிடம் மன்னிப்பு எதிர்பார்க்கவில்லை. இரண்டு வருஷமாக நீ தன்னை நம்ப வேண்டும் என்றுதான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார். அன்று ஜாங்கிரி டப்பாவை மேஜை மேல் வைத்துவிட்டு உன் முகத்தைப் பார்த்து அவர் சொன்னது உண்மை, அருள். உன் அப்பா ஒரு துண்டுகூடச் சாப்பிடவில்லை.

அம்மா